ஆண்டிறுதிப் படிவத்தில் மூன்றாவது நிரல் வேண்டும்: திருகோணமலை முன்பள்ளி நிருவாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: திருகோணமலை மாவட்டத்தில் முன்பள்ளிகளை மேற்பார்வை செய்யும் உத்தியோகத்தர்கள், அவற்றை நடத்தும் மாதர் சங்கங்கள், கிராம அபிவிருத்திச் சங்கங்கள், ஆலய, தேவாலய, பள்ளிவாசல் நிருவாகங்கள், தனியார்.

அன்புடையீர்,

மாரி இறங்கி, கலைவிழா ஒத்திகையும் மும்முரமாக நடக்கும் நாட்களில்தான் பல முன்பள்ளிகளில் பிள்ளைகளின் விருத்திப் படிவங்கள், அதாவது பிள்ளை செய்யக்கூடியவற்றைச் சொல்லும் கூற்றுகளுக்கு எதிரே ‘ஆம்’, ‘இன்னும் இல்லை’ என்ற இரண்டு நிரல்களில் அடையாளமிடும் படிவங்கள், நிரப்பப்படுகின்றன. ஒரு வகுப்பில் 25 பிள்ளைகள், பிள்ளைக்கு 40 கூற்றுகள் என்று வைத்துக்கொண்டால், ஆசிரியை போட வேண்டிய அடையாளங்கள் 1,000. அவற்றை வீட்டில் இருந்து இரண்டு மூன்று இரவுகளில் போட்டு முடிக்கிறார். அங்கே பிள்ளை இல்லை, நினைவுதான் இருக்கிறது. நினைவில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே அளவில் நிற்பதில்லை. வாயாடிப் பிள்ளையும் குழப்படிக்காரனும் முன்னுக்கு வந்து நிற்பார்கள். ஓரமாக இருந்து மணலில் கோடு கீறும் பிள்ளைக்கு அரைமனதோடு ஒரு ‘ஆம்’ விழும்.

அமெரிக்க உளவியலாளர் எட்வேட் தோண்டைக் 1920இல் இராணுவ அதிகாரிகள் தம் கீழுள்ளவர்களுக்கு இட்ட புள்ளிகளை ஆராய்ந்தார். உடல் தோற்றத்துக்கும் அறிவுக்கும் தலைமைத்துவத்துக்கும் குணத்துக்கும் இட்ட புள்ளிகள், நம்ப முடியாத அளவுக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போயின. ஒரு விடயத்தில் மனதுக்குப் பிடித்தவர் எல்லாவற்றிலும் கெட்டிக்காரர் ஆகிவிடுகிறார். நிரம்பிய படிவங்களில் ஒரு பத்தை எடுத்து விரித்துப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு மேலிருந்து கீழ்வரை ‘ஆம்’, இன்னொரு பிள்ளைக்கு மேலிருந்து கீழ்வரை ‘இல்லை’ என்று இருந்தால் அதே கோளாறுதான். மெய்யான பிள்ளையின் படிவம் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும்.

திருகோணமலையில் இதற்கு இன்னொரு சங்கடமும் உண்டு. எங்கள் மழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை போகும், நவம்பரும் டிசம்பரும் கடுமை. முற்றத்தில் வெள்ளம் நிற்கும்போது ‘ஒற்றைக் காலில் கெந்துவார்’, ‘ஓடிவந்து பந்தை உதைப்பார்’, ‘ஏணியில் ஏறி இறங்குவார்’ என்ற கூற்றுகளை யார் எங்கே பார்ப்பது? வெருகலிலும் ஈச்சிலம்பற்றிலும் பாதை மூழ்கிப் பிள்ளை வராத வாரத்திலும் படிவம் மட்டும் நிரம்பிவிடுகிறது. பெருந்தசை விருத்தியைப் பார்க்கவேண்டிய காலம் பெப்ரவரி முதல் செப்ரெம்பர் வரை. அதிலும் வெப்பமான கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காலை 9.30க்கு முன்னர். வெயில் ஏறிய பின் மரநிழலில் சோர்ந்து குந்தியிருக்கும் பிள்ளையைப் பார்த்து ‘உற்சாகம் குறைவு’ என்று எழுதினால், அது வெயிலைப் பற்றிய குறிப்பே தவிர பிள்ளையைப் பற்றியதல்ல.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை மிகச் சிறியது. ‘ஆம்’, ‘இன்னும் இல்லை’ என்ற இரண்டு நிரல்களுக்குப் பக்கத்தில் ‘பார்க்க வாய்ப்புக் கிடைக்கவில்லை’ என்று மூன்றாவதாக ஒரு நிரலைச் சேருங்கள். ஒவ்வொரு அடையாளத்துக்கும் எதிரே திகதி எழுத ஒரு சிறு இடமும் விடுங்கள். ‘கத்தரிக்கோலால் கோட்டின் மேல் வெட்டுவார்’ என்று படிவம் கேட்கிறது. கத்தரிக்கோலோ அலுமாரியில் பூட்டுப் போட்டுக் கிடக்கிறது. இரண்டு நிரல் மட்டும் இருந்தால் ஆசிரியை ஒன்றில் பிள்ளைக்கு அநியாயம் செய்யவேண்டும், அல்லது பொய் எழுதவேண்டும். மூன்றாவது நிரல் இருந்தால் அந்த அடையாளம் முன்பள்ளியைச் சுட்டும். ஒரே கூற்றுக்கு வகுப்பு முழுவதற்கும் மூன்றாவது நிரலில் அடையாளம் விழுந்திருந்தால், என்ன பொருளை வாங்கவேண்டும், எந்த விளையாட்டுக்கு நேரம் ஒதுக்கவேண்டும் என்பது நிருவாகத்துக்குத் தானாகவே தெரியும்.

இனி, அவதானிப்பு என்பது எப்படி இருக்கவேண்டும் என்று பார்ப்போம். ‘கவனம் குறைவு, பொறுமை இல்லை’ என்று ஒரு பிள்ளையைப் பற்றி எழுதுவது முடிவு. அந்த முடிவுக்கு முன்னர் வரவேண்டிய பதிவு கீழே உள்ளதைப் போன்றது:

“காலை 9.05, நீர்த்தொட்டி. அ., வயது 4 ஆண்டு 4 மாதம். இடது கையில் புனல், வலது கையில் யோகட் கோப்பை. புனலைப் போத்தல் வாயில் அழுத்தி வைக்கிறான். கோப்பையைச் சாய்க்கிறான். பாதித் தண்ணீர் வெளியே சிந்துகிறது. ‘கூடிப் போச்சு’ என்கிறான். மறுபடி மெதுவாகச் சாய்க்கிறான். புனல் நிறைகிறது, தண்ணீர் இறங்கவில்லை. குனிந்து போத்தலைப் பார்க்கிறான். புனலைச் சற்றுத் தூக்குகிறான், தண்ணீர் இறங்குகிறது. திரும்ப அழுத்துகிறான், நிற்கிறது. தூக்குகிறான், இறங்குகிறது. பக்கத்தில் நின்ற ர.விடம், ‘தூக்கிப் பிடி, அப்பத்தான் போகும்’ என்கிறான். 9.11க்கு மணி அடிக்கிறது. அவன் எழும்பவில்லை.”

எழுதியவர் எங்கேயும் ‘கெட்டிக்காரன்’, ‘ஆர்வமுள்ளவன்’ என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. 6 நிமிடம் ஒரே வேலையில் நின்றிருக்கிறான். இரு கைகளும் வெவ்வேறு வேலையைச் செய்திருக்கின்றன. போத்தலுக்குள் இருக்கும் காற்று வெளியேற வழியில்லாவிட்டால் தண்ணீர் இறங்காது என்பதைச் சொல்லாகத் தெரியாமலே கையால் கண்டுபிடித்து, திரும்பவும் செய்து பார்த்து உறுதிப்படுத்தியிருக்கிறான். நிபந்தனை வாக்கியம் ஒன்று பேசியிருக்கிறான். இன்னொரு பிள்ளைக்குக் கற்பித்திருக்கிறான். மணி அடித்தும் எழும்பாததற்காக ‘சொல்வழி கேளான்’ என்று ஆண்டிறுதிப் படிவத்தில் விழுந்திருக்கக்கூடிய பிள்ளை இவன்.

இப்படி எழுத ஒரு கொப்பியை நடுவில் கோடு போட்டுப் பிரித்தால் போதும். இடது பக்கம் கண்ட செயலும் கேட்ட சொல்லும், வலது பக்கம் அதன் பொருள் என்று ஆசிரியை நினைப்பது. பிள்ளையின் பேச்சைப் பிள்ளையின் வாய்மொழியிலேயே எழுதவேண்டும். ‘போச்சு’ என்றதை ‘போய்விட்டது’ என்று திருத்தினால் மொழி விருத்திக்கான சான்று அழிந்துவிடும். வலது பக்கத்தை வகுப்பு முடிந்த பின் எழுதலாம், இடது பக்கத்தை அந்த நேரத்திலேயே எழுதியாகவேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு பிள்ளை, தலைக்கு 5 முதல் 10 நிமிடம் என்றால் 25 பிள்ளைகளுக்கும் ஒரு சுற்று முடிய 13 பாடசாலை நாட்கள். தவணைக்கு மூன்று சுற்றுத் தாராளமாக வரும்.

வயதை ‘4’ என்று மட்டும் எழுதும் பழக்கம் கட்டாயம் நிற்கவேண்டும். ஜனவரி 31இல் 5 வயது பூர்த்தியான பிள்ளை தரம் 1க்குப் போகிறது. அந்த வெட்டுக்கோட்டால், ஒரே வகுப்பில் முந்திய பெப்ரவரியில் பிறந்த பிள்ளையும் மறு ஜனவரியில் பிறந்த பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இடைவெளி ஏறக்குறைய 12 மாதம். 4 வயதுப் பிள்ளைக்கு அது வாழ்ந்த காலத்தில் நாலில் ஒரு பங்கு. கணக்கு இலகுவானது: அவதானித்த நாள் 2026.02.10, பிறந்த நாள் 2021.09.18 என்றால், 10இலிருந்து 18 போகாது, ஒரு மாதத்தை 30 நாளாகக் கடன் வாங்கினால் 22 நாள். மாதத்தில் மீதி 1, அதிலிருந்து 9 போகாது, ஒரு ஆண்டைக் கடன் வாங்கினால் 4 மாதம். ஆண்டு 4. இதைச் செய்யாமல் 1ஆம், 2ஆம் இடம் கொடுத்துப் பரிசளிக்கும் முன்பள்ளிகள் பெரும்பாலும் பிறந்த மாதத்துக்குத்தான் பரிசு கொடுக்கின்றன. பரிசு வேண்டுமானால் எல்லாப் பிள்ளைக்கும் கொடுங்கள், நிரைப்படுத்த வேண்டாம்.

கோட்பாடுகளுக்கு வருவோம். பயிற்சிநெறிகளில் பியாஜே, வைகொட்ஸ்கி, எரிக்சன் என்று பிள்ளை விருத்தியை ஆராய்ந்த உளவியலாளர்களின் பெயர்களும் அவர்கள் வகுத்த கட்டங்களும் மனனமாகின்றன, பரீட்சையில் எழுதப்படுகின்றன. பிறகு வகுப்பறைக்குள் அவை ஒன்றில் வருவதே இல்லை, அல்லது பிழையாக வருகின்றன. ‘இது முற்செயற்பாட்டுக் கட்டம் (பியாஜே ஏறக்குறைய 2 முதல் 7 வயதுக்கு வகுத்தது), இவனுக்கு இது விளங்காது’ என்று கதவைச் சாத்துவதற்கு பியாஜேயைப் பாவிப்பது அந்தப் பிழைகளில் தலையாயது. அவர் தமது மூன்று பிள்ளைகளையும் குழந்தைப் பருவத்திலிருந்தே உன்னிப்பாகப் பார்த்துக் குறிப்பெழுதியவர். பிழையான விடையைக் கேட்டால், பிள்ளை ஏன் அப்படி நினைக்கிறது என்று அடுத்த கேள்வி கேட்பதுதான் அவருடைய முறை.

இடம் மாற்றி வைத்தாலும் எண்ணிக்கை மாறாது என்பது பிள்ளைக்கு விளங்குகிறதா என்று பார்க்கும் அவருடைய எண் மாறாமைச் சோதனையைச் சிலர் வகுப்பில் செய்து பார்க்கிறார்கள். 6 புளியங்கொட்டை ஒரு வரிசை, நேரெதிரே 6 இன்னொரு வரிசை. ‘இரண்டும் சமனா?’ என்று கேட்க, பிள்ளை ‘ஓம்’ என்கிறது. ஆசிரியை ஒரு வரிசையை அகட்டி வைத்துவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்க, பிள்ளை ‘இல்லை, இது கூட’ என்கிறது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. பெரியவர் ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்டால், முதல் சொன்னது பிழை என்றுதான் எங்கள் வீடுகளில் பிள்ளைகள் பழகியிருக்கிறார்கள். மக்கரிகிளும் டொனால்ட்சனும் 1974இல் வெளியிட்ட ஆய்வில், வரிசையைக் குழப்பும் வேலையை ஒரு குழப்படிக் கரடிப் பொம்மையிடம் கொடுத்தார்கள். தற்செயலாகக் குழம்பியதுபோல இருந்தபோது, 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளில் மிகக் கூடுதலானோர் சரியாகச் சொன்னார்கள். ஆகவே இச்சோதனையைச் செய்வதானால் பொம்மையைக் கொண்டு செய்யுங்கள். விடையோடு பிள்ளை சொல்லும் காரணத்தையும் எழுதுங்கள். ‘கொட்டையை ஒருத்தரும் எடுக்கேல்லையே’ என்று ஒரு பிள்ளை சொன்னால் அந்த வாக்கியத்தின் பெறுமதி எந்த அடையாளத்துக்கும் இல்லை.

பிள்ளை தனியே செய்வதற்கும் உதவியோடு செய்வதற்கும் இடையிலுள்ள தூரத்தை வைகொட்ஸ்கி அண்மை விருத்தி வலயம் என்றார். அதை ஓர் எண்ணாக மாற்றினால் அது நாளாந்தம் உதவும். பிள்ளை தனியே செய்தால் 0. வாயால் சொன்னதும் செய்தால் 1. சுட்டிக் காட்டினால் 2. செய்து காட்டினால் 3. கையைப் பிடித்துச் செய்வித்தால் 4. சேர்ட்டுக்குப் பொத்தான் போடுவதில் ஒரு பிள்ளை மார்ச்சில் 4, மேயில் 3, ஜூலையில் 1 என்றால், அந்தப் பிள்ளை வளர்ந்துகொண்டே இருக்கிறது. ‘பொத்தான் போடுவார்: இல்லை’ என்று மூன்று தடவையும் எழுதும் படிவத்துக்கு அந்த வளர்ச்சி கண்ணில் படாது. 3இல் நிற்கும் வேலைதான் அடுத்துக் கற்பிக்க ஏற்றது என்பது எங்கள் அபிப்பிராயம். 4இல் நிற்பதைக் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்.

குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையிலுள்ள பிணைப்பைச் சொல்லும் பற்றுதல் கோட்பாட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை மட்டும். தாய் சற்று வெளியே போய்த் திரும்பும்போது குழந்தை என்ன செய்கிறது என்று பார்க்கும் மேரி ஐன்ஸ்வேத்தின் செய்முறை 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கென, பயிற்சி பெற்றவர்கள் ஓர் அறைக்குள் நடத்துவதற்கு அமைக்கப்பட்டது. வாசலில் அழும் 3 வயதுப் பிள்ளையைக் கண்டு ‘பாதுகாப்பற்ற பற்று’ என்று எழுத யாருக்கும் உரிமை இல்லை. தாய் வெளிநாட்டில், தகப்பன் பலநாள் படகில், அம்மம்மாவோடு வளரும் பிள்ளைகள் இங்கே பலர். எத்தனை மணிக்கு அழுகை நின்றது, யார் மடியில் நின்றது, பிறகு எந்த விளையாட்டுக்குப் போனது என்பதை எழுதினால் போதும்.

பிள்ளைகள் ஒருவரோடொருவர் சேர்வதைப் பார்க்க மில்ட்ரெட் பாட்டனின் வழிமுறை 1932இல் வெளியானது. இன்றைக்கும் அதைவிட மலிவான வழி கிடையாது. சுயாதீன விளையாட்டு நேரத்தில் ஒரு பிள்ளையை ஒரு நிமிடம் மட்டும் பார்த்து, ஆறில் ஒன்றைக் குறிக்கவேண்டும்: எதிலும் ஈடுபடாமை, தனித்து விளையாடல், பார்த்துக்கொண்டு நிற்றல், பக்கத்தில் இருந்து தன்பாட்டில் விளையாடல், சேர்ந்து விளையாடல், பங்கு பிரித்துக் கூடி விளையாடல். பெயர்ப்பட்டியல் வரிசைப்படி எப்போதும் தொடங்கினால், முதல் பெயர்க்காரர் ஒவ்வொரு நாளும் விளையாட்டுச் சூடு பிடிக்க முன்னரே அகப்படுவார். நாளுக்கு நாள் தொடங்கும் இடத்தை மாற்றுங்கள். 10 நாளில் பிள்ளைக்குப் பத்துக் குறிகள் சேரும். பத்தில் ஏழு ‘பார்த்துக்கொண்டு நிற்றல்’ என்றால் யோசிக்கவேண்டும். ‘தனித்து’ என்று மூன்று வந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. தனியாக இருந்து கட்டைகளால் கோபுரம் கட்டும் பிள்ளைக்குக் குறையொன்றும் கிடையாது.

கடித்தல், அடித்தல் போன்றவற்றுக்கு இந்த ஒரு நிமிடக் குறிப்பு பயன்படாது. அவை நடக்கும் ஒவ்வொரு தடவையும் மூன்று வரி வேண்டும்: சற்று முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதன் பின் என்ன கிடைத்தது. மூன்றாவது வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கடித்ததும் ஆசிரியை ஓடிவந்து தூக்குகிறார் என்பதுகூட அந்த வரியில்தான் தெரியவரும்.

மொழியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லவேண்டும். இந்த மாவட்டத்தில் வீட்டில் சிங்களமும் முன்பள்ளியில் தமிழும், அல்லது மறுபக்கமாக, கேட்டு வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இரு மொழியிலும் உள்ள சொற்களைக் கூட்டித்தான் பார்க்கவேண்டும். புதிய மொழிக்குள் வந்த பிள்ளை சில மாதங்கள் வாய் திறக்காமல் இருப்பது வழமை. அந்தக் காலத்தில் சொல்லியதைச் செய்கிறதா, வீட்டில் தன் மொழியில் சரளமாகப் பேசுகிறதா என்று கேளுங்கள். வீட்டிலும் பேச்சுக் குறைவு என்றால் அது வேறு விடயம். 3 வயதில் பிள்ளையின் பேச்சு வெளியாளுக்கு முக்கால்வாசி விளங்கவேண்டும், 4 வயதில் ஏறக்குறைய முழுவதும். விளங்காவிட்டால் முதலில் காதைப் பரிசோதிப்பதுதான் ஒழுங்கு. காதில் சீழ் வடியும் பிள்ளையைப் ‘பதில் சொல்லாது’ என்று பின்வரிசையில் இருத்திவிடுவது நடக்கிற காரியம்.

எழுத்து விடயத்தில் பெற்றோரின் நெருக்குதல் உங்கள் மேல் இருப்பதை அறிவோம். பிள்ளை வட்டத்தைப் பார்த்து வரைவது 3 வயதளவில், கூட்டல் அடையாளத்தை 4இல், சதுரத்தை நாலரைக்கும் 5க்கும் இடையில், சாய்கோடுள்ள முக்கோணத்தை 5ஐத் தாண்டி. ‘அ’வில் சுழி, வளைவு, குறுக்குக் கோடு, நெடுங்கோடு எல்லாம் ஒன்றாக இருக்கின்றன. மூன்றரை வயதில் அதைப் புள்ளிக்கோட்டில் நூறு தரம் எழுதுவித்தால் பிள்ளை பென்சிலை இறுக்கிப் பிடிக்கத்தான் பழகும். நேர்கோடுகளால் ஆன ‘ட’வும் ‘ப’வும் கைக்கு எளிது, அவற்றுக்கும் அவசரமில்லை.

எப்போது காத்திருக்கக் கூடாது என்பதும் படிவத்தின் பின்புறத்தில் தடித்த எழுத்தில் இருக்கவேண்டும். முன்பு பேசிய, நடந்த, செய்த ஒன்றைப் பிள்ளை இழந்தால், எந்த வயதென்றாலும் அதே வாரத்தில் சுகாதார உத்தியோகத்தரிடம் அனுப்பவேண்டும். 3 வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்க்காவிட்டால், பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்பாவிட்டால், புத்தகத்தை முகத்தோடு ஒட்டிப் பிடித்தால், உடலின் ஒரு பக்கத்தை மட்டும் பாவித்தால் அப்படியே. பெற்றோரிடம் பிள்ளையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, உங்கள் திகதியிட்ட பதிவுகள் இரண்டு மூன்றின் பிரதியோடு குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ அனுப்புங்கள். ஆசிரியை நோயின் பெயரைச் சொல்லக் கூடாது. ‘ஓட்டிசம் போல’ என்று வாசலில் சொன்ன ஒரு வார்த்தை, பிள்ளை வைத்தியசாலைக்குப் போகுமுன் ஊர் முழுக்கப் போய்விடும். அதே காரணத்துக்காகப் பதிவுகளும் படங்களும் பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் போடப்படக் கூடாது. அலுமாரியில் பூட்டவேண்டியது கத்தரிக்கோலை அல்ல, இவற்றைத்தான்.

பதிவு நம்பத்தக்கதா என்று மேற்பார்வைக்கு வரும் உத்தியோகத்தர் அரைமணி நேரத்தில் பார்த்துவிடலாம். அவரும் ஆசிரியையும் ஒரே பிள்ளையை ஒரே 10 நிமிடம் தனித்தனியே பார்த்து, மேற்சொன்ன ஆறு விளையாட்டு வகைகளில் நிமிடத்துக்கு ஒன்றாகக் குறிக்கட்டும். பத்தில் எட்டு ஒத்துப்போனால் 80 சதவீதம், அது போதும். அதற்குக் குறைந்தால் ஆசிரியையைக் குறைசொல்ல முன், ‘சேர்ந்து விளையாடல்’ என்றால் என்ன என்று இருவரும் ஒரே பொருளில் விளங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். கோப்புகளின் மட்டையைப் பார்த்துக் கையொப்பம் இடுவதைவிட இது பிரயோசனம்.

இதற்கெல்லாம் ஒரு நாளில் 20 நிமிடம் ஆசிரியையின் கை வேறு வேலை இல்லாமல் இருக்கவேண்டும். 25 பிள்ளைகளோடு ஒருவர் தனியே நின்றால் நடக்காது. அந்த 20 நிமிடத்துக்கு ஒரு உதவியாளரையோ, முறைவைத்து ஒரு தாயையோ நிருவாகம் ஒழுங்கு செய்து தரவேண்டும். வண்ண அட்டையில் அச்சடிக்கும் முன்னேற்ற அறிக்கைக்கும் பட்டமளிப்பு அங்கிக்கும் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்க முடியாதா?

கடைசியாக, தரம் 1இல் பிள்ளைகளை இனங்காண்பதற்கென்றே முதல் வாரங்கள் ஒதுக்கப்படுகின்றன. அந்த ஆசிரியர் புதிதாகத் தேடிக் கண்டுபிடிக்க முயல்வதில் பாதி, முன்பள்ளி ஆசிரியைக்கு ஏற்கெனவே தெரியும். பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதத்தோடு, பிள்ளைக்கு ஒரு பக்கம் மட்டும், திகதியிட்ட மூன்று பதிவுகளும் ‘இப்போது எந்த உதவியோடு செய்கிறார்’ என்ற எண்களும் பாடசாலைக்குப் போகட்டும். புள்ளியோ இடமோ அதில் வேண்டாம். அடுத்த ஆண்டுக்கான படிவங்கள் அச்சகத்துக்குப் போவதற்கு முன்னர், மூன்றாவது நிரலுடன் மாதிரி ஒன்றைத் தயாரித்து மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், குச்சவெளி, பட்டினமும் சூழலும் ஆகிய பிரிவுகளில் ஒவ்வொரு முன்பள்ளியில் ஒரு தவணை பாவித்துப் பாருங்கள். மாதிரியை வரைந்து தரவும் ஆசிரியைகளோடு இருந்து பழக்கவும் நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
முன்பிள்ளைப் பருவக் கல்வியில் பணிபுரியும் சிலர்
திருகோணமலை